மங்கை மேடத்தின் பதினேழாம் நம்பர் டியூப்

செய்தி வந்தபோது நான் திண்டிவனத்தில் எங்கள் தெரு மாவு மில்லில் கேப்பையை அரைக்கக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். போனில், மங்கை மேடத்திடம் ஆராய்ச்சி செய்கிற கௌசல்யாவின் நம்பர். மில் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று தெருவுக்கு வந்து, "சொல்லும்மா" என்றேன். "அண்ணா, மேடம் காலைல தவறிட்டாங்களாம்" என்றாள். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவளுடைய அம்மா, "வயித்துப் புள்ளக்காரி, அழுவாதடி" என்று சொல்வது மட்டும் கேட்டது.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே எழுத முடியும். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இன்று மாதத்தின் முதல் வியாழக்கிழமை, டியூப் மாற்றவில்லையே என்பதுதான் முதலில் வந்தது. பதினோரு வருஷம் பக்கத்தில் நின்று வேலை பார்த்த மனுஷி போய்விட்டார், எனக்குக் கண்ணாடிக் குழாய் ஞாபகம் வருகிறது. மில்காரர் "மாவு ரெடி" என்று கூப்பிட்டார். தூக்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமலே மறுபடி வாசலுக்குப் போய், எங்கே போவது என்று தெரியாமல் திரும்பி உள்ளே வந்தேன். அன்றைக்கு ஆரம்பித்த அந்த நடை நிற்க ஐந்தாறு நாள் ஆனது.

மேடத்திடம் படித்தவர்களுக்கு டியூப் என்றால் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விரல் நீளக் கண்ணாடிக் குழாயில் சாய்வாக உறையவைத்த ஜெல்லி இருக்கும். அதன்மேல் பாக்டீரியா வாழும். ஜெல்லிதான் அதற்குச் சோறு, அதுதான் வீடு. நாளாக ஆக ஜெல்லி காய்ந்து சுருங்கும், சோறு தீரும், உள்ளே இருப்பது செத்துப்போகும். அதனால் மாதம் ஒருமுறை ஊசிமுனை அளவு எடுத்துப் புது ஜெல்லிக்கு மாற்றவேண்டும். "தயிருக்கு உறை ஊத்தறோம் இல்ல, அதேதான். ஒரு நாள் மறந்தா வீட்ல தயிர் இல்ல. இங்க மறந்தா ஏரியிலேயே திரும்பக் கிடைக்காது" என்பார் மேடம். அப்படி இருபத்துமூன்று டியூப் எங்கள் பிரிட்ஜில் இருந்தன. எல்லாம் இந்தப் பக்கத்துச் சாக்கடைகளிலும் ஏரிகளிலும் அரிசி மில் கழிவு ஓடைகளிலும் இருந்து மேடம் கண்டெடுத்தவை. அதில் பதினேழாம் நம்பர்தான் கௌசல்யாவின் பிஎச்.டி. அது நெல் அவித்த கழிவுத் தண்ணீரில் இருக்கும் கஞ்சியைத் தின்று தீர்க்கும் ஜாதி. இன்னும் ஒரே ஒரு சோதனை பாக்கி. உயிரோடு அது இருந்தால்தான் அந்தச் சோதனை. இல்லையென்றால் நாலரை வருஷம் அவள் உழைத்ததற்குக் கடைசிப் பக்கம் கிடையாது.

அந்த டியூப்களை மாற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தது. போன மாதம் மேடத்துக்குக் காய்ச்சல். "அடுத்த வாரம் பாத்துக்கலாம் அண்ணா" என்றார். அடுத்த வாரம் பாண்டியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நுரையீரலில் சளி இறங்கிவிட்டது என்றார்கள். ஐம்பது வயதுகூட ஆகாதவர், எழுந்து வந்துவிடுவார் என்று நாங்கள் எல்லாருமே நினைத்துக்கொண்டிருந்தோம். கௌசல்யாவுக்கு ஒன்பதாம் மாதம். வளைகாப்பு முடிந்து கண்டமங்கலத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். ஆக, லேப் சாவி என் இடுப்பில் மட்டும்தான் இருந்தது.

நான் யார் என்று கேட்பவர்களுக்கு: காலேஜில் மேடத்தின் நுண்ணுயிரியல் துறைக்கு லேப் அட்டெண்டர். பிளஸ் டூவில் வேதியியலில் இரண்டு முறை கோட்டை விட்டவன். என்னை அந்த வாசனையிலேயே காலத்தைத் தள்ள வைத்ததில் ஆண்டவனுக்கு ஏதோ நியாயம் இருக்கவேண்டும். நினைவு மலருக்கு நீங்களும் ஒரு பக்கம் எழுதுங்கள் என்று பிரின்சிபால் சொன்னார். ஒரு பக்கத்தில் அடங்காது என்று சொல்லத் தைரியம் வரவில்லை. என் கையெழுத்து பெரிசு சார் என்றேன். பி.காம் படிக்கிற என் மகள்தான் டைப் அடித்துத் தருகிறாள். "அப்பா, மேடம் செத்த எடத்துல கேப்பை எதுக்கு வருது" என்று கேட்டாள். நடந்தது அப்படித்தானே, வேறு என்னத்தை எழுதுவது?

மேடம் விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனவர். நானோ உள்ளூர். அதனால் சேர்ந்த முதல் மாதமே என்னிடம் ஒரு பாட்டிலைக் கொடுத்து, நாளைக் காலை வரும்போது ஏரியில் தண்ணீர் பிடித்து வரச் சொன்னார். எங்கே நாற்றம் அதிகமோ அங்கே எடுங்கள் என்று தெளிவாகத்தான் சொன்னார். நான் கரையில் நின்று யோசித்தேன். புதிதாக வந்திருக்கிற மேடம், நல்ல புடவை கட்டிக்கொண்டு வருகிறவர், அவர் கையில் எப்படிச் சாக்கடையைக் கொடுப்பது? மதகு ஓரம் தெளிவாக இருந்த இடமாகப் பார்த்து, கைக்குட்டையை மடித்து வடிகட்டி, பாட்டிலை வெளியேயும் துடைத்துக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். மேடம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு தூசி இல்லை.

"குடிக்கிறதுக்கா அண்ணா கொண்டாந்தீங்க?" என்றார்.

மறுநாள் அவரே ஒரு மாணவியின் ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு ஸ்கூட்டி ஓட்டத் தெரியாது. பின்னால் உட்கார்ந்து, மடியில் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு போனேன். டீக்கடையில் இருந்த என் மச்சான்முறைக்காரன் ஒருவன், "இன்னா மாமா, கல்யாணப் பொண்ணு கணக்கா குந்திக்கினு போற" என்று கத்தினான். திரும்பிப் பார்க்காமல் இருந்தேன். மேடம் வண்டியை நிறுத்தி, "அவருக்கு மடியில பெட்டி இருக்குது, திரும்ப முடியாது. நீங்க முன்னாடி வந்து சொல்லுங்க" என்றார். அதற்குப்பிறகு அவன் என்னைப் பார்த்தால் எழுந்து டீ சொல்கிறான்.

ஓட்டல் கழிவும் மில் கழிவும் ஒன்றாக வந்து ஏரியில் விழுகிற மூலைக்குப் போனோம். மேலே எண்ணெய்ப் படலம், ஓரத்தில் வெள்ளையாக நுரை. நான் மூக்கை மூடிக்கொண்டேன். மேடம் முழங்காலிட்டு, குச்சியில் கட்டிய பாட்டிலை மெதுவாக இறக்கினார். பக்கத்தில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் வந்து, எதுனா விழுந்துவிட்டதா, மூக்குத்தியா தோடா என்று கேட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கவே தயாராகிவிட்டார். மேடம் அவரைத் தடுத்து உட்கார வைத்தார். இங்கே வந்து விழுகிற கஞ்சியையும் எண்ணெயையும் தின்று உயிர் வாழ்கிற ஜந்து ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது, அதைத் தேடுகிறோம் என்றார். அந்த அம்மா தண்ணீரை எட்டிப் பார்த்தார்.

"பல்லு கில்லு இருக்குமா அதுக்கு?" என்றார்.

அந்தக் கேள்வி மேடத்துக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பிறகு வகுப்பில் முதல் நாள் அதையே கேட்பார். அன்று அவர் சொன்ன பதிலை நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். "பல்லும் இல்ல, வாயும் இல்லம்மா. எச்சியத் துப்பும். அந்த எச்சி கஞ்சியக் கரைக்கும். கரைஞ்சத உறிஞ்சிக்கும். எங்களுக்கு அந்த எச்சிதான் வேணும்." புத்தகத்தில் அதற்கு நொதி என்று பேர். நான் இரண்டு முறை தேர்வில் எழுதத் தெரியாமல் விட்ட வார்த்தை அது. வாத்து மேய்க்கிறவரோடு சேர்ந்து சேற்றோரம் உட்கார்ந்து ஒரே நிமிஷத்தில் விளங்கிக்கொண்டேன்.

இனி என் பெரிய பாவத்தைச் சொல்லவேண்டும். சிலருக்குத் தெரியும். மற்றவர்கள் பாதி கேள்விப்பட்டிருப்பீர்கள்.

ஆயுத பூஜை வந்தால் நம் ஊரில் எந்த லேபும் கழுவாமல் இருக்காது. மேடம் வந்த இரண்டாம் வருஷம், லீவுக்கு முந்தின நாள் அவர் ஏதோ கருத்தரங்குக்குப் போயிருந்தார். நான் தனியாக லேபை எடுத்துக்கொண்டேன். தரையைப் பீனாயில் போட்டுத் தேய்த்தேன். மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு வைத்தேன். பாக்டீரியா வளர்க்கிற சூட்டுப் பெட்டியைத் திறந்தால் கண்ணாடித் தட்டு தட்டாக ஏதோ பூத்துப்போய், ஊசின சோறு மாதிரி வாடை. சாமி வருகிற இடத்தில் இதுவா என்று அத்தனையையும் பிரஷர் குக்கர் மாதிரி இருக்கிற ஆட்டோகிளேவில் போட்டு அவித்து, கழுவி, வெயிலில் காயவைத்து, வரிசையாக அடுக்கினேன். ஒரு தட்டுகூட உடையவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு. சூட்டுப் பெட்டிக்கு மூன்று விரலால் சந்தனப் பட்டை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, சுண்டலும் பொரியும் படைத்தேன்.

மூன்று மாதத்துச் சேகரிப்பு அது.

லீவு முடிந்து வந்து மேடம் பெட்டியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். என்னைப் பார்த்தார். நான் பொரி இருந்த தட்டை நீட்டினேன். அவர் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் நடந்திருப்பார். அவர் திட்டவில்லை என்று எழுதினால் எல்லாரும் நம்புவீர்கள், நினைவஞ்சலியில் அப்படித்தான் எழுதுவார்கள். அவர் நாலு நாள் என்னோடு பேசவில்லை. நான் எதிரிலேயே நிற்பேன். மாணவிகளைக் கூப்பிட்டு, "அவர்கிட்ட சொல்லி தண்ணி கொண்டாரச் சொல்லு" என்பார். அந்தப் பெண் திரும்பி, "அண்ணா, தண்ணி கொண்டாரணுமாம்" என்பாள். நான், "சரின்னு சொல்லும்மா" என்பேன்.

ஐந்தாம் நாள் நான் ராஜினாமா எழுதிக்கொண்டு போனேன். அதில் எழுத்துப் பிழை இருந்தது. சிவப்புப் பேனாவால் அதைத் திருத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "தப்புல பாதி என்னுது. தட்டு மேல நம்பர் மட்டும் எழுதி வெச்சேன். உள்ள என்ன இருக்குதுன்னு உங்களுக்குச் சொல்லல. தெரியாதவருக்கு அது ஊசின சோறுதான்" என்றார். அன்று மத்தியானம் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினார். அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பிக் கழிவெல்லாம் கரைந்துவிட்டதால் தை வரைக்கும் காத்திருந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்த இரண்டாம் தடவையில் கிடைத்ததுதான் பதினேழு. நான் அவித்துக் கொட்டியதில் இதைவிட நல்லது இருந்திருக்குமோ என்று ஒருநாள் கேட்டேன். "இருந்திருக்கலாம். அத நெனச்சா ரெண்டு பேருக்கும் தூக்கம் வராது. இதுதான் பெஸ்ட்டுன்னு வெச்சிப்போம்" என்றார். அடுத்த ஆயுத பூஜைக்குச் சூட்டுப் பெட்டிமேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்: பொட்டு வைக்கலாம், திறக்கக் கூடாது.

அவர் நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. விழுப்புரத்தில் தூறல் விழுந்தால் போதும், எனக்குப் போன் வரும். "அண்ணா, அங்க கரண்ட் இருக்குதா?" ஞாயிற்றுக்கிழமை கறிச்சோற்றில் கைவைத்திருப்பேன், போன் வரும். சைக்கிளை எடுத்துக்கொண்டு காலேஜுக்குப் போய், பிரிட்ஜ் ஓடுகிற சத்தத்தைப் போனிலேயே கேட்க வைத்துவிட்டு வருவேன். என் மனைவி, "அந்தம்மா புருஷன்கிட்ட கூட இத்தினி வாட்டி பேசாது போல" என்பாள். அவள் சொன்னதை மேடத்திடமே சொன்னேன். "அவரு கரண்ட் போனாலும் கெட்டுப்போக மாட்டாரே" என்றார்.

ஒரு புயல் மழையில் மூன்று நாள் ஊரில் கரண்ட் இல்லை. ஆழ்குளிர்ப் பெட்டி ஏற்கெனவே பழுதாகி மூலையில் நின்றது. பஸ்ஸும் இல்லை. மேடத்தால் வரமுடியாது. போனில் சார்ஜ் தீர்வதற்குள் அவர் சொன்னது ஒரு வாக்கியம்: எப்படியாவது குளிரில் வையுங்கள், ஆனால் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரே ஐஸ், பொம்மையார்பாளையத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அம்மாவிடம் இருந்தது. மழையில் மாட்டிக்கொண்டு அவர் எங்கள் தெருக்கோடியில் சொந்தக்காரர் வீட்டில்தான் தங்கியிருந்தார். டியூப்களைப் பாலிதீனில் சுற்றி, எவர்சில்வர் டிபன் பாக்ஸில் போட்டு, முட்டளவுத் தண்ணீரில் தூக்கிக்கொண்டு வந்தேன். என் மனைவி வாசலில் நின்று, "ஊருல அவனவன் கொழந்தையத் தூக்கினு ஓடறான். நீ கிருமியத் தூக்கினு ஓடி வர்றியே" என்றாள். சங்கரா மீனுக்கும் வஞ்சிரத்துக்கும் நடுவில் டிபன் பாக்ஸை வைத்தோம். அவற்றை எடுத்துக் குழம்பு வைத்துவிடாதீர்கள் என்று நான் கெஞ்சியதை அந்தம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்.

நாலாம் நாள் மேடம் வந்தார். பஸ் பாதியில் நின்றுவிட, மீதியை நடந்தே வந்திருக்கிறார். புடவை முழங்கால்வரை சேறு. வாசலில் நின்றபடியே டிபன் பாக்ஸை வாங்கித் திறந்து எண்ணினார். இருபத்துமூன்றும் இருந்தன. அதற்குப்பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். எங்கள் வீட்டுக் கூரையில் பாதி இல்லை. என் மகள் நனைந்த புத்தகங்களைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மேடத்துக்கு முகம் மாறிவிட்டது. "மொதல்ல இதக் கேக்காம அதக் கேட்டுட்டேனே" என்று அங்கேயே படியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, கிளிப் எடுத்துத் தரச்சொல்லி, என் மகளோடு நின்று கடைசிப் புத்தகம்வரை தொங்கவிட்டுவிட்டுத்தான் போனார். அவர் செத்த செய்தி கேட்டு எனக்கு டியூப் ஞாபகம் வந்ததை நான் எழுதத் துணிந்தது அந்தப் படியில் உட்கார்ந்த முகத்தை நினைத்துத்தான்.

மேடம் தவறிய அந்த வியாழக்கிழமை சாயங்காலமே விழுப்புரத்தில் எடுத்தார்கள். உங்களில் பலரை அங்கே பார்த்தேன். மாலை போட்டேன். அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் பத்தித்தான் எப்பவும் பேசும்" என்றார். அப்போதும் என் கால் நிற்கவில்லை. பந்தலுக்கு வெளியே போய் வந்துகொண்டிருந்தேன். கௌசல்யா மூன்று முறை போன் செய்தாள். யார் யார் வந்திருக்கிறார்கள், மேடத்துக்கு எந்தப் புடவை கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டாள். டியூபைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் வேறு நினைப்பே இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலேஜ் லீவு. சனிக்கிழமை போனால், மேடத்தின் அறைப் பொருள்களைச் சரிபார்க்கவேண்டும், புது ஆள் வரும்வரை எதையும் தொடவேண்டாம், பிரிட்ஜையும் அணைத்துக் காலிசெய்து வையுங்கள் என்று பிரின்சிபால் சொன்னார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. எந்த அலுவலகத்திலும் அப்படித்தான் செய்வார்கள். நான் பிரிட்ஜில் இருப்பது என்னவென்று சொன்னேன். பதினேழாம் நம்பரை எடுத்துவந்தே காட்டினேன். ஜெல்லி சுருங்கி, கண்ணாடியைவிட்டு விலகி, காய்ந்த வடாம் மாதிரி இருந்தது.

"இத மாத்த உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"மேடம் பக்கத்துல இருக்கச்சே அஞ்சாறு வாட்டி பண்ணியிருக்கேன் சார். தனியாப் பண்ணதில்ல."

"கெட்டுப்போச்சின்னா?"

"நான் தொட்டா கெட்டாலும் கெடும் சார். தொடலன்னா கெட்டே பூடும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திங்கட்கிழமை வந்து பிரிட்ஜைப் பற்றிக் கேட்பதாகச் சொல்லிவிட்டு, எழுந்து வகுப்புகளைப் பார்க்கப் போய்விட்டார்.

ஜெல்லி காய்ச்சுவதிலும் ஆட்டோகிளேவ் போடுவதிலும் எனக்குப் பயமில்லை, அது என் சமையல். புது டியூப்களைச் சாய்த்து உறையவைத்தேன். ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்து உட்கார்ந்தபிறகு கம்பியை எடுக்கவில்லை, போனை எடுத்தேன். கௌசல்யாவுக்கு வீடியோ கால் போட்டு, போனைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஆண்டவன் புண்ணியத்தில் அவளுக்கு என் கை மட்டும் தெரிந்தது, முகம் தெரியவில்லை.

"கம்பியச் செவக்கக் காட்டுங்க அண்ணா. இப்ப ஆற வைங்க. ஜல்தி பண்ணாதீங்க. சூட்டோட வெச்சா பொசுங்கிப்பூடும்."

"தெரியும்மா."

"தெரியும்னு சொல்லிக்கினே கிட்ட கொண்டுபோறீங்க பாருங்க."

பின்னாலிருந்து அவள் அம்மா, போனை வையடி, நாள் நெருங்கிவிட்டது, கிருமி கிருமி என்று என்ன பேச்சு என்றார். பதினேழாம் நம்பர் வந்தபோது கௌசல்யா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காய்ந்த ஜெல்லிமேல் எதைச் சுரண்டுவது என்றே தெரியவில்லை. பழுப்பாக ஒரு கோடு மாதிரி இருந்த இடத்தில் கம்பியை வைத்து இழுத்தேன். கொஞ்சம் ஒட்டியதா, வெறும் கம்பியா என்பது எனக்குத் தெரியாது. புது ஜெல்லியில் கோடு போட்டேன். பஞ்சை அடைத்தேன். கௌசல்யா மூச்சு விட்டது போனில் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் ஒருவாரம் மாதிரி போனது. இருபத்துநாலு மணி நேரத்துக்கு முன்னால் சூட்டுப் பெட்டியைத் திறக்காதே என்று மாணவர்களுக்குச் சொல்கிற மேடம், தானே விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்து திறந்து பார்ப்பார். பார்த்துவிட்டு, நான் ஒன்றும் பார்க்கவில்லை என்கிற முகத்தோடு டீ கேட்பார். நான் வாட்ச்மேனிடம் மூன்று முறை டீ குடித்தேன். மத்தியானம் திறந்தேன். பாதிக்குமேல் டியூப்களில் வெள்ளையாக, மஞ்சளாகக் கோடு விழுந்திருந்தது. பதினேழில் ஒன்றுமில்லை. கௌசல்யாவிடம் இன்னும் திறக்கவில்லை என்று பொய் சொன்னேன். திங்கட்கிழமை காலை நாலு டியூப் தவிர எல்லாம் வந்துவிட்டன. பதினேழில், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும், மங்கலாக ஒரு தடம் தெரிந்தது.

உயிர் இருக்கிறது, சரி. பழைய வேலையைச் செய்யுமா? அதற்கு ஒரு சோதனை உண்டு. கஞ்சி கலந்த ஜெல்லித் தட்டில் அதை வளர்த்து, இரண்டு நாள் கழித்து அயோடின் ஊற்றவேண்டும். கஞ்சி இருக்கிற இடமெல்லாம் கருநீலமாகிவிடும். பாக்டீரியா எச்சில் பட்டுக் கஞ்சி கரைந்த இடம் மட்டும் வெளுப்பாக நிற்கும். அயோடினை எப்போதும் மேடம்தான் ஊற்றுவார், அதை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. புதன்கிழமை நான் ஊற்றினேன். தட்டு முழுக்கக் கறுத்தது. ஒரு நிமிஷம் நான் பார்த்தது அந்தக் கறுப்பைத்தான். பிறகு நடுவில், புள்ளியைச் சுற்றி, மெதுவாக ஒரு வளையம் வெளுத்தது.

கௌசல்யாவைக் கூப்பிட்டேன். அவள் முதலில் கேட்டது எத்தனை மில்லிமீட்டர் என்றுதான். மகளின் ஸ்கேலை வைத்து அளந்து சொன்னேன். இன்னொரு தடவை அளக்கச் சொன்னாள். அளந்தேன். அப்புறம்தான் அழுதாள். அழுவாதடி என்று இந்தத் தடவை அவள் அம்மா சொல்லவில்லை.

நாலு டியூப் திரும்பவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். மேடம் இருந்தால் அவை பிழைத்திருக்குமா என்று தெரியவில்லை. நினைத்தால் நடக்கத் தோன்றுகிறது.

ஒவ்வொரு டியூபிலும் ஒட்டுகிற காகிதத்தில் மூன்று வரி உண்டு. நம்பர், தேதி, மாற்றியது யார் கை. பின்னால் ஏதாவது கெட்டுப்போனால் எந்தக் கையில் கெட்டது என்று தெரிவதற்காக. நான் மாற்றிய அந்த அஞ்சாறு தடவையும் மூன்றாம் வரியில் மேடம் தன் பேரின் முதல் எழுத்தைத்தான் போட்டார். என் கைதானே மேடம் என்றால், "நல்லா வந்தா உங்க கைன்னு சொல்லிக்கலாம். தப்பா வந்தா என் கைன்னு இருக்கட்டும் அண்ணா" என்பார். அந்த எழுத்தின் மறைவில்தான் நான் இத்தனை வருஷம் நின்றிருக்கிறேன்.

அவருடைய புத்தகங்கள் நூலகத்துக்குப் போகின்றன. நாற்காலிக்குப் புது ஆள் வருவார், வரவேண்டும். எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்த மூன்றாம் வரி. கௌசல்யா கைக்குழந்தையோடு திரும்பி வரும்வரை மாதத்தின் முதல் வியாழக்கிழமை நான்தான் மாற்றவேண்டும் என்று பிரின்சிபால் எழுதியே கொடுத்துவிட்டார். பத்தொன்பது டியூபிலும் என் எழுத்தைப் போட்டு ஒட்டியிருக்கிறேன். கோணலாகத்தான் இருக்கிறது, ஆனால் யாரென்று தெரிகிறது. தப்பு வந்தால் என்னைக் கேட்கலாம்.